ஜன்னலோர சீட்டில் ஒரு தூக்கம்

வேலைக்குப் போன முதல் நாள் காலையில் தங்கபுஷ்பம் கேட்ட சத்தம் ஒன்று உண்டு. பதினொண்ணு ஏ பேருந்தின் மூன்றாவது ஜன்னல் கண்ணாடி, ரப்பர் தேய்ந்து சட்டத்துக்குள் தளர்ந்து கிடந்த கண்ணாடி, தேரிக்காட்டுச் சாலையின் ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு விதமாக நடுங்கியது. அவள் ஊரான ஆத்திவிளையில் கடகடவென்று தொடங்கி, செம்மணல் மேட்டில் ஏறும்போது கிணுகிணுவென்று மெலிந்து, கோட்டைக்காட்டுக்குள் நுழைகிற ஓடைப்பாலத்தில் ஒரே ஒரு முறை டங்கென்று அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு பேருந்துகள் மாறின, டிரைவர்கள் மாறினார்கள், டிக்கெட் கிழித்துக் கொடுத்த காலம் போய் மெஷினில் அடித்துக் கொடுக்கிற காலம் வந்தது, ஆனால் டிப்போக்காரர்கள் எந்த வண்டியை அனுப்பினாலும் அதன் மூன்றாவது ஜன்னல் மட்டும் தளர்ந்தே வந்தது. அது கடகடத்தால் தங்கபுஷ்பம் தூங்குவாள். அது டங்கென்றால் விழிப்பாள்.

கோட்டைக்காட்டுத் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் அவள். சமையல், துணி, பிள்ளை, புருஷன், பிறகு ஓட்டமாக ஓடிப் பேருந்து. ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். அந்தத் தடத்தில் தினம் போகிற யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. சேலையின் நிறத்தை வைத்து, "டைப்பிஸ்டம்மா இன்னைக்குப் பச்சை" என்பார்கள். கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்து அவளிடமே சாம்பார் வாளி கேட்டுவிட்டு, யார் என்று தெரியாமல் போனவர்களும் உண்டு.

இரவிலும் அவளுக்குத் தூக்கத்துக்குக் குறைவில்லை. அவள் புருஷன் ஆசீர்வாதம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர், கம்பத்தில் இருக்கும் நேரம் தவிர மற்ற எந்த நேரமும் தூங்கக்கூடியவர். கட்டிலில் முட்டுப் போட்டு இரவு ஜெபத்தைத் தொடங்குவார். "பரலோகத்தில் இருக்கிற பிதாவே" என்பார். பிதாவே என்கிற சொல்லிலேயே தலை சாய்ந்துவிடும். அவள் அதற்கு முன்பே தூங்கியிருப்பாள். ஆனாலும் பாதியில் தொங்குகிற அந்த ஜெபத்துக்குத் தூக்கத்திலேயே, கண் திறக்காமல், "ஆமென்" என்று சொல்லி முடிப்பாள். சொன்னது அவளுக்குத் தெரியாது. கேட்க வேண்டியவரும் தூங்கிப்போயிருப்பார். நடுவில் படுத்திருந்த மகள் ஷீபாவுக்கு மட்டும் தெரியும், அவளோ எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தாள்.

அவள் ஓய்வு பெற்ற நாளில் நடந்தது ஒரு சின்னக் கைப்பிசகுதான். ஆபீஸில் மாலை போட்டார்கள், சந்தனம் தடவினார்கள், ஆப்பிள் வெட்டிக் கொடுத்தார்கள், பிறகு ஓய்வு பெறுகிறவர்களைக் காரில் வைத்து வீட்டில் இறக்குவது வழக்கமாதலால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வெள்ளைக் காரை நிறுத்தியிருந்தார்கள். மாலையோடு ரோட்டைத் தாண்டும் நேரத்தில் பதினொண்ணு ஏ வளைந்து உள்ளே வந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே கூட்டம் ஓடியது, கைகள் நீண்டன, துண்டுகளும் பைகளும் ஜன்னல் வழியாக விழுந்தன. அவள் கையும் பழக்கத்தில் இடுப்பிலிருந்த கைக்குட்டையை உருவி, மூன்றாவது ஜன்னல் வழியாக வீசி, சீட்டைப் பிடித்துவிட்டது.

"யம்மா, கார் இந்தப் பக்கம்!" என்று ஆபீஸ் உதவியாளர் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள். கைக்குட்டை சீட்டில் கிடந்தது.

அந்தப் பக்கத்தில் கொலை செய்தவனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், துண்டு போட்ட சீட்டில் உட்கார்ந்தவனை மன்னிக்க மாட்டார்கள். போட்டவர் வந்து எடுக்கும்வரை அது போட்டவர் இடம். காரில் போனவள் இடம் காலியாகவே இருந்தது. அந்த இடத்தில், தினமும் அந்த நேரத்துக்கு அங்கே வந்து உட்கார்ந்து பழகிய அவளுடைய தூக்கம், அவள் காரில் போனது தெரியாமல், வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று ராத்திரி முதல் தங்கபுஷ்பத்துக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வைத்தியம் தொடங்கினாள். பாலில் ஜாதிக்காய் உரசிக் குடித்தாள், கசகசா அரைத்துக் குடித்தாள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு தரையில் வழுக்கி விழுந்தாள். தலைமாட்டை வடக்கிலிருந்து கிழக்கே மாற்றினாள், கிழக்கிலிருந்து தெற்கே மாற்றினாள், கட்டிலோடு சேர்ந்து ஆசீர்வாதமும் சுற்றி வந்தார், எந்தத் திசையிலும் அவர் தூங்கினார். பெங்களூரில் இருந்த ஷீபா, மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்தால் தூக்கம் வரும் என்று போனில் மழை அனுப்பினாள். தங்கபுஷ்பம் மூன்று தடவை எழுந்து போய் மொட்டை மாடியில் வடகத்தை எடுத்துவிட்டு வந்தாள்.

மாதங்கள் போகப் போக விழித்திருப்பது ஒரு நோயாகவே ஆயிற்று. ஒரு நாள் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள், மறுநாள் ஒரு முறையும் போடாமல் விட்டாள். ஆசீர்வாதத்தின் பிரஷர் மாத்திரையைக் கோழிக்கு வைத்தாள். கோழி இரண்டு நாள் மிகவும் சாந்தமாக இருந்தது. பனைமரங்கள் இரட்டையாகத் தெரிந்தன. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதைப் பார்த்தபடியே நின்றாள், பால் பொங்கி வழிந்து தீய்ந்து பாத்திரம் கருகும்வரை, என்ன செய்ய வேண்டும் என்பது நினைவுக்கு வராமல். கோட்டைக்காட்டு டாக்டர், "இப்படியே போனா விழுந்திருவீங்கம்மா, அப்புறம் எந்திரிக்கிறது கஷ்டம்" என்று சொல்லியேவிட்டார்.

எல்லாவற்றையும்விட அவளை வதைத்தது பக்கத்தில் கிடந்த மனுஷன்தான். தினமும் "பிதாவே" என்று தொடங்கிச் சரிகிறாரே, விழித்துக் கிடக்கிறவளைத் தாண்டித் தூங்குகிறவனின் ஜெபமா கடவுளுக்குக் கேட்கும் என்று அவளுக்கு ஆத்திரம். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். முடிக்கப்படாத ஜெபங்கள் அந்த அறையில், சாயங்காலத்தில் அவிழ்க்க மறந்த தோரணம் போல, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின.

பேருந்தில் இதற்குள் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டிருந்தது.

அவள் ஓய்வு பெற்ற வாரம்தான் இசக்கிப்பாண்டி என்கிற புதுக் கண்டக்டர் மாற்றலாகி வந்திருந்தான். முதல் நடையிலேயே மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் ஆள் இல்லாமல் மெல்லிய குறட்டை வந்தது. குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தான். பஞ்சு மெத்தை மட்டும் ஓர் ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது.

"யாரும்மா இது?" என்றான்.

கடற்கரையில் மீன் எடுத்துக் கூடையோடு ஏறுகிற மிக்கேலம்மா பின்சீட்டிலிருந்து பதில் சொன்னாள். "ஒரு தூக்கம் உக்காந்திருக்குய்யா. நேத்து சாயந்திரமே ஏறிட்டு. கைக்குட்டை போட்டிருக்கு பாரு, எடுத்திராத."

"எங்க இறங்கும்?"

"அதுக்கு எப்படித் தெரியும்? தூங்குதுல்லா."

இசக்கிப்பாண்டி யோசித்தான். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி அது. தூக்கம் ஆணா பெண்ணா என்று யாரிடம் கேட்பது? பெண்கள் சீட்டில் இருப்பதால் பெண் என்றே வைத்து, கடைசி நிறுத்தம்வரை ஓர் இலவச டிக்கெட் அடித்து, கைக்குட்டையின் ஓரத்தில் செருகினான். மறுநாள் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கம்பியில் விரலால் தட்டி வண்டியை நிறுத்தப் பழகினான்.

அந்தத் தூக்கத்தின் குணம் மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சூடு ஏறுகிற மாதிரி, அதற்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தூக்கம் ஏறியது. பிறந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்த ஒரு கைப்பிள்ளை அங்கே உட்கார்ந்த தாய் மடியில் தூங்கியது; பிள்ளை செத்துவிட்டதோ என்று தாய் அலற, அலறிய வேகத்திலேயே அவளும் தூங்கினாள். சோதனைக்கு ஏறிய டிக்கெட் இன்ஸ்பெக்டர், "இது யார் டிக்கெட்?" என்று கேட்டார். "தூக்கத்தோடது சார்" என்றான் இசக்கிப்பாண்டி. நேரில் விசாரிக்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு நடை கழித்து டிப்போவில் எழுந்து, முகத்தைக் கழுவி, பயணி ஒழுங்காக நடந்துகொண்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். டிரைவர் பக்கம் மட்டும் அது எட்டிப் பார்க்கவில்லை. வேலை நேரத்தில் தூங்கிப் பழகாத தூக்கம் அது.

பிறகு அந்தப் பக்கத்து இடத்துக்குப் போட்டி வந்தது, போட்டிக்கு முறை வந்தது, ஊருக்கு ஒரு நாள் என்று வந்தது. கோட்டைக்காட்டு டாக்டரே தூக்க மாத்திரை எழுதுவதை விட்டுவிட்டு, "காலை எட்டு மணிக்குப் பதினொண்ணு ஏ, வெறும் வயித்துல" என்று சொல்லி அனுப்பினார். அவரிடம் போனபோது தங்கபுஷ்பத்துக்கும் அதையே சொன்னார். ஏதோ காற்றாடப் போகச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆண்கள்தான் கொதித்தார்கள். பெண்கள் சீட்டில் உட்கார முடியாது. பின்சீட்டில் உட்கார்ந்து, முன்சீட்டின் மேல்கம்பியில் நெற்றியை வைத்தால் கொஞ்சம் கசிந்து வந்தது. அதனால் தடம் நெடுக ஆண்களின் நெற்றியில் குறுக்கே ஒரு சிவந்த பட்டைத் தழும்பு விழுந்தது. தழும்பு உள்ளவன் நன்றாகத் தூங்கியவன் என்று ஊரில் மதிப்பு வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் தழும்பு இல்லாத மாப்பிள்ளையைப் பதற்றக்காரன் என்று சொல்லிவிட்டார்கள். ஆத்திவிளை பாஸ்டர், தன் சபையார் இத்தனை பேர் நெற்றியில் பட்டையோடு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததைப் பார்த்து மனம் நொந்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நெற்றியிலும் பட்டை இருந்தது. பிரசங்கம் பத்தே நிமிஷத்தில் முடிந்ததால் சபையார் தூக்கத்துக்கு நன்றி சொன்னார்கள்.

இந்தச் சேதி தங்கபுஷ்பத்திடம் வந்து சேர ஆறு மாதம் ஆயிற்று. டாக்டரிடம் ஆட்டோவில் போய்வந்ததைத் தவிர அவள் வீட்டை விட்டு இறங்குவதில்லை. ஆசீர்வாதம் டீக்கடையிலிருந்து கொண்டுவந்தார்.

"ஏ புஷ்பம், ஒண்ணு கேட்டியா? பதினொண்ணு ஏ-யில ஒரு தூக்கம் உக்காந்திருக்காம். ஜன்னலோரமா. குறட்டை விடுதாம்."

அவள் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது.

"எத்தனாவது சீட்டு?"

"மூணாவதுன்னாங்க."

"கைக்குட்டை கெடக்கா?"

"கெடக்காம். ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஷீபாப்பா, அது என் தூக்கம்" என்றாள் தங்கபுஷ்பம். சொல்லும்போது தொலைந்த பிள்ளை பக்கத்து ஊரில் சோறு தின்றுகொண்டிருக்கிறது என்று கேட்டவள் போல அழுதாள். பிறகு கோபம் வந்தது. "ஆறு மாசமா எவன் எவனுக்கோ மடி குடுத்துட்டு உக்காந்திருக்கு, சவம்."

"அப்போ போய்க் கூட்டிட்டு வர வேண்டியதுதான?"

ஆனால் அவள் உடனே போகவில்லை. ரிட்டயர் ஆனவள் காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை பாவம் என்பார்கள். அந்தப் பாவத்தை அவள் ஆபீஸில் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த வாரமும் விழித்துக் கிடந்தாள். ஒரு காலையில் கிணற்றடியில் நின்றவளுக்குத் தரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் போய், ஆசீர்வாதம் ஓடிவந்து முந்தானையைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் நடுங்கிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கம்பம் ஏறிய காலத்தில்கூட அவர் அப்படி நடுங்கி அவள் பார்த்ததில்லை.

"நாளைக்குப் போறோம்" என்றார் அவர். "நானும் வாரேன். ஊர் சிரிச்சா ரெண்டு பேரையும் சேர்த்துச் சிரிக்கட்டும்."

மறுநாள் அவள் வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பினாள். பச்சைச் சேலை, கைப்பை, டிபன் பாக்ஸ்கூட. டிபன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பேருந்தில் கால் வைத்ததுமே அவளுக்குக் கண்ணாடியின் சத்தம் கேட்டது. உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. மூன்றாவது சீட்டில், பக்கத்து இடத்தில் மிக்கேலம்மா உட்கார்ந்திருந்தாள். அன்று கடற்கரைக்காரர்கள் முறை. ஜன்னலோரத்தில் கைக்குட்டை, அமுங்கின மெத்தை, சீரான மூச்சு. தங்கபுஷ்பம் கையை நீட்டினாள்.

"ஏய், ஏய்!" வண்டி முழுக்க எழுந்து நின்றது. "துண்டு போட்ட சீட்டும்மா அது!"

"போட்டது நான்தான்" என்றாள் அவள்.

இசக்கிப்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "யம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க நாலாவது ஆளு. எல்லாரும் என்னோடதுன்னுதான் வாராங்க."

மற்ற மூவரில் ஒருவர் அன்று வண்டியிலேயே இருந்தார், கவுன்சிலரின் மாமியார் ராஜகனி. பஸ்ஸில் போகாதவர், தன் கோரிக்கையை நிலைநாட்டுவதற்காகவே ஒரு மாதமாகப் போகிறவர்.

"நீங்கதான் கார்ல போறவங்களாச்சே?" என்று யாரோ கேட்டதற்கு, "அதான சொல்லுதேன், கார்ல எனக்குத் தூக்கம் வராது. பஸ்ல வருது. பஸ்ல வார தூக்கம் என்னதுதான?" என்றார் ராஜகனி.

"கைக்குட்டையைப் பாருங்க" என்றாள் தங்கபுஷ்பம். "ஊதாக்கரை."

ராஜகனி தன் இடுப்பிலிருந்து ஒன்றை உருவினார். ஊதாக்கரை. ஆறேழு பெண்கள் எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் ஊதாக்கரை. கோயில் திருவிழா அசன விருந்தில் சாப்பிட வந்த அத்தனை பெண்களுக்கும் சாதி சமயம் பார்க்காமல் கொடுத்த கைக்குட்டை அது.

"நான் டைப்பிஸ்டம்மாய்யா. இத்தனை வருஷம் இதே சீட்டுல..."

"டைப்பிஸ்டம்மாவை எங்களுக்குத் தெரியும்" என்றார் பின்சீட்டில் பட்டைத் தழும்போடு ஒருவர். "ஆனா ஒங்களை யாருன்னு தெரியலியே?"

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். வண்டி உற்றுப் பார்த்தது.

"ஆமா, அவுக மாதிரிதான் இருக்கு."

"முகத்தை மூடினா எல்லாரும் அவுக மாதிரிதான் இருப்பாக."

ராஜகனியும் மூடிக் காட்டினார். உண்மையாகவே அவரும் அப்படித்தான் இருந்தார்.

மிக்கேலம்மா மட்டும் கூடையை மடியில் அணைத்துக்கொண்டு தங்கபுஷ்பத்தின் கண்களையே பார்த்தாள், இமை வீங்கி, வெள்ளை விழி முழுக்கச் சிவந்த அந்தக் கண்களை. பிறகு சொன்னாள்: "யக்கா, இது ஒங்களுது இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. எம் புருஷன் கடல்ல கெடந்தா பயத்துல தூக்கமில்ல. கரையில கெடந்தா குடிச்சிட்டுப் போடுற சத்தத்துல தூக்கமில்ல. எனக்குன்னு கெடைச்சது எட்டு நாளைக்கு ஒருக்க இந்தச் சீட்டுதான். நீங்க எடுத்துட்டுப் போயிட்டா நான் எங்க போவேன்?"

ஆறு மாதம் தூங்காத தங்கபுஷ்பத்துக்கு அந்தக் கேள்வி எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று தெரியும். வண்டி செம்மணல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடி கிணுகிணுத்தது. நிற்க முடியாமல் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள், சத்தமில்லாமல், கூட்டத்தில் அழுது பழகாதவள்.

ஆசீர்வாதம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு படிப் பக்கத்தில் நின்றார். அவருக்கு வழக்காடத் தெரியாது. சண்டை போடத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் செய்தார். யாரோ நகர்ந்து கொடுத்த சீட்டு நுனியில் உட்கார்ந்து, கைகளைக் கோத்து, கண்ணை மூடி, எல்லோருக்கும் கேட்கும்படி கனத்த குரலில் தொடங்கினார்: "பரலோகத்தில் இருக்கிற பிதாவே..."

தலை சாய்ந்தது. தூங்கிவிட்டார்.

ஜெபத்தின் நடுவில் விட்டுப்போன மௌனத்தில் பேசலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ராஜகனிகூட வாயைத் திறந்து மூடினார்.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து, ஆள் இல்லாத சீட்டிலிருந்து, கைக்குட்டைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் வந்துகொண்டிருந்த குறட்டை நின்றது. தூங்குகிற ஒரு பெண்ணின் குரல், சலிப்பும் பிரியமும் கலந்து, எத்தனையோ ஆயிரம் தரம் சொல்லித் தேய்ந்த குரல், "ஆமென்" என்றது. மறுபடி குறட்டை தொடங்கியது.

எல்லோரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். அவள் உதடு ஒட்டியிருந்தது. ஆனால் குரல் அவளுடையது.

"இது பொண்டாட்டி சொல்லுத ஆமென்" என்றார் அந்தச் சத்தத்தில் விழித்த பாஸ்டர், பின்சீட்டில் நெற்றியைக் கம்பியிலிருந்து எடுத்து. "வேற யாரும் இவ்வளவு அலுப்பா சொல்ல முடியாது."

ராஜகனி தன் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார். "என் வீட்டுக்காரர் ஜெபம் பண்ணுனதே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

இசக்கிப்பாண்டி ஒதுங்கி வழிவிட்டான். தங்கபுஷ்பம் மிக்கேலம்மாவின் முழங்காலைத் தாண்டி, தன் இடத்துக்கு வந்து, கைக்குட்டையை எடுத்து, அமுங்கின பள்ளத்தில் பள்ளத்துக்குச் சரியாக உட்கார்ந்தாள். முந்தானையை மூடக்கூட நேரமில்லை. முதல்முறையாக அந்தத் தடம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. வாய் லேசாகத் திறந்து, வலது கன்னத்தில் டைப்பிஸ்டுக்குப் பொருத்தமாக மைப்பொட்டு போல ஒரு மச்சத்தோடு, யாரோ பெற்ற பிள்ளை மாதிரி தூங்குகிற முகம். ஓடைப்பாலம் வந்தது. கண்ணாடி டங்கென்றது. அவள் எழவில்லை. "வேலைதான் இல்லியே, தூங்கட்டும்" என்றான் இசக்கிப்பாண்டி. கடைசி நிறுத்தம் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, நடைக்கு நடை அவளுக்கும் எதிரே தூங்கிய ஆசீர்வாதத்துக்கும் அவன் டிக்கெட் அடித்தான்; ஆசீர்வாதத்தின் டிக்கெட்டுக்கு ஆண்கள் முறை வைத்துக் காசு கொடுத்தார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து மிக்கேலம்மா பாதிப் புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, மீதியை மூடி வைத்தாள். மீன் அன்று விற்கவில்லை. வண்டியை விட்டு இறங்க அவளுக்கு மனமில்லை.

சாயங்காலம் ஆத்திவிளையில் தங்கபுஷ்பம் கண் விழித்தாள். பனைமரங்கள் ஒற்றையாக நின்றன. கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகினாள். தூக்கம் அவளோடு இறங்கப்போகிறது, நாளை முதல் எல்லோரும் அவரவர் விழிப்போடு கிடக்க வேண்டியதுதான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அவள் எழுந்தாள், எழுந்தவள், இறங்குகிறவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களுக்குச் செய்கிற மாதிரி, சீட்டின் மேல் ஒரு கையை வைத்து மற்றவர்களைத் தடுத்துக்கொண்டு மிக்கேலம்மாவைப் பார்த்தாள்.

"நான் எறங்குதேன் தாயி. நீ ஜன்னலோரமா தள்ளி உக்காரு. சூடு ஆறுறதுக்குள்ள உக்காரு."

மிக்கேலம்மா தள்ளி உட்கார்ந்தாள். இறங்கும்போது, கூடை தூக்குகிற சும்மாட்டுத் துணியைச் சீட்டில் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தச் சீட்டு அவளுடையது. பக்கத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, நெத்திலி வாடை அப்படி. ஆனால் அவள் தூங்கினாள், தினமும் தூங்கினாள். ஆண்களின் நெற்றிப் பட்டை ஒரு மாதத்தில் மறைந்தது. பிரசங்கம் மறுபடி ஒரு மணி நேரம் ஆனது.

வீட்டில் தங்கபுஷ்பம் தூங்கினாள். தலைமாடு எந்தத் திசையில் இருந்தாலும் தூங்கினாள். நடந்ததையெல்லாம் ஊரே சொல்லக் கேட்ட ஆசீர்வாதத்துக்குத்தான் ஒரு குறை வந்து சேர்ந்தது. அந்த ஆமெனை வண்டி முழுக்கக் கேட்டிருந்தது, கண்டக்டர் கேட்டிருந்தான், ராஜகனி கேட்டிருந்தார்; அவர் மட்டும் கேட்கவில்லை. ஒரு நாளாவது கேட்டுவிட வேண்டும் என்று ஜெபத்தைத் தொடங்கி, "பிதாவே" என்றதும் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தூங்கினவர் மாதிரிக் குறட்டை விட்டுப் பார்த்தார். அவளுடைய தூக்கம் ஏமாறவில்லை. அவர் நிஜமாகத் தூங்கினால்தான் அது சொன்னது; அது சொல்லும்போது அவர் தூங்கிப்போயிருந்தார். "என்னதான் சொல்லுவ, எப்படித்தான் சொல்லுவ, ஒருக்கச் சொல்லிக் காட்டேன்" என்று பகலில் கெஞ்சுவார். "முழிச்சிருக்கும்போது எனக்கு அது வராது, சும்மா கெடங்க" என்பாள் அவள்.

ஆசீர்வாதம் சில வருஷம் கழித்து ஒரு பங்குனி மத்தியானம், சாப்பாட்டு ஜெபத்தின் பாதியில் போனார். தங்கபுஷ்பம் எதிரே விழித்துதான் இருந்தாள், கையில் அப்பளத்தோடு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள்தான் ஆமென் சொன்னாள்.